எட்டு மாதாக்களும் ஒரு காற்றுப் பரிசோதனையும்

இன்றைக்கு நான் சந்தித்தவர் பெயர் அட்ராக்டா கிப்ளின். வயது ஐம்பத்தாறு. தொழில், வீடுகளில் எங்கே காற்று ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. அயர்லாந்தில் ராஸ்காமன் பக்கம் புதுவீடு கட்டும் யாரைக் கேட்டாலும் தெரியும். "காத்துக்காரி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வேலை முடிந்து இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன், கை இன்னும் சூடாகவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு பொருத்துகிறவர்கள். நெசா, கொனல் என்ற தம்பதியின் வீட்டில் எங்களுக்கு வேலை. மரச்சட்டத்தில் கட்டிய வீடு, கூரை போட்டாயிற்று, ஜன்னல் வைத்தாயிற்று. சுவரின் உட்பக்கம் முழுக்க நீலநிறக் காற்றுத்தடுப்புத் தாள் ஒட்டி, மூட்டுகளுக்கெல்லாம் டேப் போட்டிருக்கிறது. அதற்கு மேல் ஜிப்சம் பலகை அடித்துவிட்டால் பிறகு தாளைப் பார்க்கவே முடியாது. ஆகவே பலகைக்கு முன்னால் ஒரு பரிசோதனை. வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் சிவப்புத் துணி மாட்டி, நடுவில் ஒரு பெரிய மின்விசிறி. அது வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகும். கடைசியில் ஒரு எண் வரும், குறைய வந்தால் நல்லது. சட்டம் ஐந்து வரை விடும். ஆனால் இந்த வீட்டுக்கு வரைபடத்திலேயே மூன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பம்பின் அளவு, காற்றோட்டக் குழாய் எல்லாமே அந்த மூன்றை நம்பித்தான். அதனால்தான் நாங்களும் அங்கே நின்றோம்.

நெசாவுக்கு இது எட்டாவது மாதம். போன வருஷத்திலிருந்து இருவரும் வீட்டுமனையின் ஓரத்தில் நிறுத்திய நகரும் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். தகரப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்தால் ஜன்னல் உட்புறத்தில் தண்ணீர் ஓடும், மெத்தையின் சுவரோரப் பக்கம் கறுத்துப் போயிருக்கும். நவம்பரே இப்படியென்றால் ஜனவரியைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை ஜனவரியில்.

நாளைக் காலை எட்டு மணிக்குப் பலகை அடிக்கிறவர்கள் வருகிறார்கள். இன்று எண் சரியாக வராவிட்டால் அவர்கள் ஸ்லைகோவில் ஒரு ஹோட்டல் வேலைக்குப் போய்விடுவார்கள், திரும்புவது மார்ச் மாதம். அதை அவர்கள் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். ஆகவே இன்றைய எண்தான், குழந்தை முதல் குளிர்காலத்தை எங்கே கழிக்கும் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. வந்ததிலிருந்து கொனல் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

அட்ராக்டா ஒன்பதரைக்கு வேனை நிறுத்தினார். குள்ளமான பெண்மணி, கம்பளித் தொப்பி, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை. வந்ததும் கொனல் கெண்டியைத் தூக்கிவிட்டான்.

"ஒரு டீ குடிச்சுட்டு ஆரம்பிங்க."

"நம்பர் வந்தப்புறம்."

"அரைக் கப்பு."

"நம்பர் வந்தப்புறம்ப்பா."

"நிக்க வச்சே ஒரு மடக்கு. ஹாம் வச்ச சாண்ட்விச் இருக்கு. நெசாவோட ஆப்பிள் கேக் வேற இருக்கு."

"அதான் வேணாங்கறேன். எத்தனையோ வீட்டுல கேக்கைத் தின்னுட்டு, அந்த அம்மா முகத்தைப் பாத்து 'உங்க வீடு தேறலை'ன்னு சொல்லியிருக்கேன். அது தொண்டைலயே நிக்கும். நீ எடுத்து வை."

இந்த ஊரில் டீயை மூன்று முறை மறுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அவர் மறுத்த விதத்தில் யாருக்கும் கோபம் வரவில்லை.

விசிறி மாட்டும்போதே தன் கதையையும் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் பாயில் ஊரில் ஒரு தையல் ஆலையில் தர சோதனை. ராணுவத்துக்கும் மீனவர்களுக்கும் மழைச்சட்டை தைக்கிற ஆலை. ஒவ்வொரு தையலையும் காற்றால் ஊதி, சோப்புத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஆலை போர்ச்சுகலுக்குப் போனது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒருவர், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாராம். "ஓட்டை பாக்கத் தெரியும்னேன். அந்தாளு சிரிச்சாரு. அப்புறம் யோசிச்சாரு. அப்புறம் இந்தப் படிப்புக்கு அனுப்பிட்டாரு." அன்றிலிருந்து எழுநூற்றுச் சொச்சம் வீடுகள். "அங்க மனுஷன் நனையாம இருக்கணும், இங்க குளிராம இருக்கணும். துணி கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்."

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். நெசாவின் பெரியப்பா ஃபெலிம். எழுபது வயது, கல்யாணம் ஆகாதவர், பக்கத்து வயல் அவருடையது, இந்த மனையை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு, பாதிரியாரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போகிறவர் என்று. முப்பது வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சவ அடக்கத்துக்குப் போனால்கூட வெளிச்சுவரில் சாய்ந்துகொண்டு மாட்டு விலை பேசுகிற ஆள். இன்றைக்குக் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து எல்லாரையும் கேலி செய்துகொண்டிருந்தார்.

"அம்மணி, எங்க அப்பா கட்டின வீட்டுல புயலடிச்சா திரைச்சீலை நேரா நிக்கும். நாங்க பதினோரு பேரு. ஒருத்தனும் சாகல."

"எத்தனை பேருக்கு இருமல் இருந்துச்சு, ஃபெலிம்?"

"பதினோரு பேருக்கும்."

விசிறி சத்தம் போட ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் அட்ராக்டாவின் கையிலிருந்த சின்னத் திரையையே பார்த்தோம். எண் ஏறி, இறங்கி, நின்றது.

நான்கு.

கொனல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டான். நெசா வயிற்றில் கை வைத்தபடி மாடிப்படியில் உட்கார்ந்தாள். அட்ராக்டாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பத்தேகால். லாங்ஃபோர்டுல மூணு மணிக்கு அடுத்த வீடு. ரெண்டு மணி வரைக்கும் நான் இங்க. வாங்க, தேடலாம்."

அவர் கையில் பேனா மாதிரி ஒன்று, முனையில் மெல்லிய புகை வரும். அதைச் சுவரோரமாகக் கொண்டுபோனால் ஓட்டை உள்ள இடத்தில் புகை சிதறி ஓடும். வழக்கமான சந்தேக இடங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். மின்கம்பி நுழையும் இடம், குழாய் நுழையும் இடம், ஜன்னல் சட்டம். புகை அசையவே இல்லை. "தச்சன் நல்ல வேலைக்காரன்" என்றார். பிறகு சமையலறை மூலைக்குப் போனார். அங்கே கம்பியும் இல்லை, குழாயும் இல்லை. புகை அப்படியே சிதறிப் பறந்தது.

குனிந்து பார்த்தார். நீலத் தாளின் மேல் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பச்சை டேப்.

"இது யாரு ஒட்டினது?"

"தச்சருதான்" என்றான் கொனல். "எனக்கு அவரு சொல்லவே இல்ல. ஏதோ கிழிசலைச் சரிபண்ணிருப்பாருன்னு நெனச்சேன்."

தச்சனுக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அவன் குரல்: "பச்சையா? அது உங்க வேலைன்னுல்ல நெனச்சேன். வீட்டுக்காரன் கை வச்ச இடத்தைப் பத்தி நான் எதுக்குப் பேசணும்?"

அட்ராக்டா டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "இது சைலேஜ் டேப்புங்க. மாட்டுத்தீனிப் புல்லு உருண்டை மேல சுத்துவாங்களே, அந்தப் பிளாஸ்டிக்கைக் காக்கா கொத்தினா ஒட்டறது. பிளாஸ்டிக்ல ஒட்டும். இந்தத் தாள்ல ஒட்டாது. ராத்திரி பனியில விட்டிருக்கு பாருங்க."

எல்லாருடைய தலையும் மெதுவாகத் திரும்பியது. அந்த வீட்டைச் சுற்றி ஒரு மைலுக்கு சைலேஜ் உருண்டை வைத்திருப்பவர் ஒருவர்தான்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் ஃபெலிம். "கடையில எல்லாருக்கும்தான் விக்கறான்."

அட்ராக்டா பச்சை டேப்பை முழுசாக உரித்தார். அடியில் தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு கீறல். இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினார். விரல் வெளியே வந்தபோது அதில் சின்னதாக, நீலநூல் கட்டிய ஒரு மாதா பதக்கம் தொங்கியது.



இங்கே யாருக்கும் அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. புதுவீட்டு அஸ்திவாரத்தில் காங்கிரீட் ஊற்றும்போது வீட்டில் யாராவது ஒருவர் மாதா பதக்கத்தைப் போட்டுவிடுவார்கள். சத்தமில்லாமல் நடக்கிற காரியம். பெரும்பாலும் அம்மாதான், அல்லது அத்தை. நெசாவுக்கு இருவருமே இல்லை.

"பெரியப்பா!" என்றாள் நெசா.

"அது என்னமோ எனக்குத் தெரியாது."

"நீங்களா? ஈஸ்டர் அன்னிக்குக் கோயில் மணி அடிச்சா டிராக்டரை ஸ்டார்ட் பண்ணுவீங்களே, நீங்களா?"

"தச்சன் வச்சிருப்பான். அவன் மாயோ மாவட்டத்துக்காரன். மாயோக்காரனுங்க எல்லாம் பக்திமானுங்க."

அட்ராக்டா சிரிக்கவில்லை. பதக்கத்தைத் துடைத்து, அதே கீறலுக்குள் திரும்ப வைத்து, சரியான டேப்பை எடுத்து மேலே ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்த்தார். "இது இங்கதான் இருக்கட்டும். மாதா காத்து விடமாட்டாங்க. காத்து விட்டது டேப்பு" என்றார். பிறகு அடுத்த அறைக்குப் போனார்.

தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. நான்கு மூலையிலும் ஒன்று. வாசல் நிலைக்கு மேலே ஒன்று. மாடியில், குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் இரண்டு. ஆக ஏழு. ஒவ்வொன்றையும் திறந்து, பார்த்து, மூடி, ஒட்டினார். நெசா பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் எண்ணினாள். ஃபெலிம் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை, ஆனால் கேலியும் நின்றுவிட்டது.

ஒன்றேகாலுக்கு மறுபடி எண் எடுத்தார். மூன்று புள்ளி இரண்டு.

கொனல் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அட்ராக்டா, புள்ளி ரெண்டுதானே. மூணுன்னு போட்டா யாருக்கு என்ன தெரியப் போகுது? அவ மார்ச் வரைக்கும் அந்தப் பெட்டியில..."

"எங்க அண்ணன் மாலக்கி வீட்டுக்கும் வரைபடத்துல மூணுதான். மூணு புள்ளி ஒண்ணு வந்துச்சு" என்றார் அவர். "தேறலைன்னு எழுதினேன். ரெண்டு கிறிஸ்துமஸ் எங்க வீட்டுக்கு வரல. அவன் பொண்டாட்டி கடையில என்னைப் பாத்தா பால் பாக்கெட் பின்னால ஒளிவா. இப்ப உனக்கு நான் மூணுன்னு எழுதினா, அவன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுப் பேசறது?"



அட்ராக்டா நேராக ஃபெலிமிடம் போய், அவர் எதிரே இன்னொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். விசிறியை நிறுத்தச் சொன்னார். திடீரென்று வீடு அமைதியானது.

"ஃபெலிம். நீங்க வாங்கின பாக்கெட்ல எத்தனை பதக்கம்?"

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைக் கேலி பண்ண கேக்கல. ஏழு கெடைச்சிருக்கு. இன்னும் ஒண்ணு எங்கயோ திறந்து கெடக்கு. நானா தேடினா நாளைக்குக் காலைல வரைக்கும் ஆகும். எனக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கு. எத்தனை?"

"எட்டு" என்றார் ஃபெலிம்.

நெசா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நாக் ஊருக்குப் போயிருந்தேன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "மாட்டு மருந்து வாங்க. வழியில அந்த மாதா கோயில் கடை. உள்ள போனதை யாரும் பாக்கல. அஸ்திவாரத்துல போட்டுரலாம்னுதான். வியாழக்கிழமை காங்கிரீட்டுன்னு இவன் சொன்னான். லாரி செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு. நான் வர்றதுக்குள்ள காஞ்சு போச்சு. அப்புறம் கத்தியை எடுத்துக்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு..."

"என்கிட்ட குடுத்திருந்தா நானே வச்சிருப்பேனே" என்றாள் நெசா.

"எப்படிக் குடுக்கறது? முப்பது வருஷமாப் பேசின பேச்சு இருக்கே." மூக்கைத் துடைத்தார். "நான் ஒண்ணும் நம்பல. இப்பவும் நம்பல. ஆனா எல்லார் வீட்டுலயும் இருக்கு. உன் வீட்டுல மட்டும் இல்லாமப் போயி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அதை எவன் தாங்கறது?"

அந்த வாளியில் உட்கார்ந்திருந்த பெரிய உடம்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தெரியவில்லை. அட்ராக்டா கலங்கவில்லை. அவருக்கு மணி ஒன்று முப்பது.

"எட்டாவது எங்க?"

"அதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

"எந்திரிங்க. அன்னிக்கு நடந்த மாதிரியே நடங்க. எங்க ஆரம்பிச்சீங்க?"

ஃபெலிம் எழுந்தார். வாசலில் ஆரம்பித்தார், நாங்கள் எல்லாரும் பின்னால், ஏதோ ஊர்வலம் மாதிரி. இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கை காட்டிக்கொண்டே போனார். மாடி ஏறினார். குழந்தை அறையில் இரண்டு. வெளியே வந்து, படிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார்.

"இங்க நின்னப்போதான் வாசல்ல கார் சத்தம். நெசா உள்ள வந்துட்டா."

"ஆமா!" என்றாள் நெசா. "என்ன பெரியப்பா பண்றீங்கன்னு கேட்டேன். பூனையைத் தேடறேன்னீங்க. உங்ககிட்டப் பூனையே கெடையாதேன்னு அப்பவே நெனச்சேன்."

"டேப்பு போட நேரமில்ல. அப்படியே விட்டுட்டு இறங்கிட்டேன். இந்த அலமாரிக்குள்ளதான்."

சுடுதண்ணீர்த் தொட்டிக்கான அலமாரி. அதற்குள் ஆளுயரத்துக்கு ஒரு தொட்டி நின்றது. அதைப் போன வாரம் கொண்டுவந்து அங்கே நிறுத்தி வைத்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். அதற்குப் பின்னால் புகைப்பேனா போக வழியே இல்லை. அட்ராக்டா எங்களைப் பார்த்த பார்வையில் ஒரு வார்த்தைகூட இல்லை, இருந்தாலும் காது சுட்டது. நானும் கொனலும் கட்டிப்பிடித்து அதை வெளியே நகர்த்தினோம்.

இருந்தது. கை நுழையும் அளவுக்குக் கீறல், மடல் உள்பக்கம் மடிந்து கிடந்தது. வெளியிலிருந்து வரும் குளிர் முகத்தில் அடித்தது. பதக்கம் அடிச்சட்டத்தில் விழுந்து கிடந்தது. அட்ராக்டா அதை எடுத்து நெசாவிடம் நீட்டினார். நெசா அதைத் தன் பெரியப்பாவிடம் கொடுத்தாள்.

"நீங்களே வைங்க. இந்தத் தடவை எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் வைத்தார். காது வரை சிவந்திருந்தது. அட்ராக்டா மேலே டேப் ஒட்டும்போது, "இன்னும் அழுத்தித் தேய்க்கணுமா?" என்று கேட்டு ரோலரை வாங்கிக்கொண்டார். அத்தனை சிரத்தையாக ஒரு மனிதர் டேப் தேய்த்து நான் பார்த்ததில்லை.

விசிறியை மறுபடி போட்டார்கள். எண் ஏறியது. மூன்றில் நின்றது. கொனல் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு இறங்கியது.

இரண்டு புள்ளி எட்டு.

கொனல் கத்தியதில் வயலில் மாடுகள் திரும்பிப் பார்த்தன. நெசா ஃபெலிமைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போதும் போதும், நான் ஒண்ணும் பண்ணலை, ஓட்டை போட்டதுதான் நான்" என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கொனல் பலகைக்காரர்களுக்குப் போன் செய்தான்: "நாளைக்கு எட்டு மணி. ஆமா, தேறிடுச்சு. வாங்க."

அட்ராக்டா படிக்கட்டில் உட்கார்ந்து படிவம் எழுதினார். தாளைத் துளைத்துப் போகும் ஒவ்வொன்றையும் அதில் எழுத வேண்டும். மின்கம்பி பதினான்கு, குழாய் ஆறு, காற்றோட்டக் குழல் இரண்டு. அடுத்த வரியில் சற்று யோசித்துவிட்டு எழுதியதை நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்: "மாதா பதக்கம் எட்டு. அனைத்தும் முறையாக அடைக்கப்பட்டன."

"இதை அப்படியே அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கறதைத்தானே எழுதணும்" என்றார். விசிறியைக் கழற்றி வேனில் ஏற்றி, லாங்ஃபோர்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அட்ராக்டாவைப் பிடித்துப்போய்விட்டது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாகக் கோயில் பக்கமே போகாத ஒருவரின் ரகசியம் கையில் கிடைத்தும் அதை வைத்து ஒரு கேலிகூடச் செய்யவில்லை. ஒரு தம்பதியின் குளிர்காலம் கையில் இருந்தும் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அயர்லாந்தில் வீடு கட்டுகிற, கட்டப்போகிற நம்மவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். பலகை அடிப்பதற்கு முன்னால் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கும் முன்னால் சுவருக்குள் எதையாவது வைத்தார்களா என்று வீட்டில் எல்லாரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எலுமிச்சையோ காசோ மாதாவோ, எதுவானாலும் வையுங்கள், டேப்பை மட்டும் சரியாக ஒட்டுங்கள். வருகிற சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, பாயில் ஊர்ப் பொதுமண்டபத்தில் அட்ராக்டா இருப்பார். வரைபடத்தைக் கொண்டுபோனால் எந்த மூலையில் காற்று ஒழுகும் என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பார், கட்டணம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். தூரத்தில் இருப்பவர்கள், வீடு கட்டும் யாராவது ஒருவருக்கு இதை அனுப்பிவிடுங்கள்.